நாற்பத்தைந்து நிமிடத்தில் ஒரு கொலைகாரன்

செமஸ்டர் முடிந்துவிட்டது மக்களே. பரீட்சை எப்படி எழுதினாய் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன். :-)

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட விஷயம் ஒன்று. தடய அறிவியல். ஃபாரன்சிக் என்றால் உடனே புரிந்துவிடும். அதைவிடச் சீக்கிரம் புரிய வேண்டுமானால் 'சிஎஸ்ஐ' என்று சொன்னால் போதும்.

ஏன் இப்போது என்றால், நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி கடைசி வருடம். அடுத்து எம்.எஸ்சி. ஃபாரன்சிக் சயின்ஸுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அம்மா, "பொணத்தை அறுக்குற வேலையாடா?" என்றார். அப்பா, "அது போலீஸ் வேலையா, ஆஸ்பத்திரி வேலையா, ரெண்டுல ஒண்ணைச் சொல்லு" என்றார். கிளாசில் சொன்னபோது பின் பெஞ்சிலிருந்து, "மச்சி, கூலிங் கிளாஸ் வாங்கிட்டியா?" என்று குரல். ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் மொத்தமாக இங்கே.

கூலிங் கிளாஸ் என்ன கணக்கு என்று தெரியாதவர்களுக்கு: 'சிஎஸ்ஐ' அமெரிக்காவில் சிபிஎஸ் சேனலில் 2000 அக்டோபரில் தொடங்கிய தொடர். லாஸ் வேகாஸ் நகரத்தில் நடக்கிற கதை. கில் கிரிஸ்ஸம் என்கிற பூச்சி ஆராய்ச்சி ஆசாமிதான் நாயகன். 2015 வரை ஓடியது. நடுவில் 2002-ல் 'சிஎஸ்ஐ மயாமி', 2004-ல் 'சிஎஸ்ஐ நியூயார்க்' என்று குட்டி போட்டது. மயாமியில் வரும் ஹொரேஷியோ கெய்ன்தான் அந்தக் கூலிங் கிளாஸ் பார்ட்டி. பிணத்தைப் பார்ப்பார், ஒரு பஞ்ச் வசனத்தை ஆரம்பிப்பார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முடிப்பார். நம்ம தலைவர் இதையெல்லாம் எப்போதோ செய்துவிட்டார் என்பது வேறு விஷயம்.

நம் நாட்டுக்கு வந்தால் 'சிஐடி'. சோனி டிவியில் 1998-ல் தொடங்கி 2018 வரை ஓடியது, 2024 டிசம்பரில் மறுபடியும் வந்தது. கதவை உடைக்க தயா, விரலை ஆட்டி யோசிக்க ஏசிபி பிரத்யுமன், லேபில் டாக்டர் சாலுங்கே. சாலுங்கே ஒரு பீக்கரில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் போதும், கொலைகாரன் யார் என்று தெரிந்துவிடும். மூன்று வருடமாக நானும் பீக்கரில் பலவிதமான தண்ணீரை ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். டைட்ரேஷன் வேல்யூ கூடச் சரியாக வருவதில்லை.

கிண்டல் ஒருபுறம் இருக்கட்டும். எனக்கு இந்தத் தொடர்கள் பிடிக்கும். ஒரு தலைமுடி, ஒரு நூலிழை, சட்டையில் ஒட்டிய மகரந்தம், இதிலிருந்தெல்லாம் ஒரு கதையைப் பின்னோக்கிப் படிக்க முடியும் என்பதை டிவியைப் போல வேறு யாரும் வீட்டுக்கு வந்து சொன்னதில்லை. அதே சமயம் டிவி சொல்லாமல் விட்ட பாதி இருக்கிறதே, அது தெரிந்தால்தான் இந்தப் படிப்பு எதற்கு என்பதே புரியும்.

முதலில் அப்பாவின் கேள்வி. நிஜத்தில் இந்த வேலை ஒரே ஆளுடையது அல்ல. சம்பவ இடத்தில் தடயம் சேகரிப்பவர் ஒருவர். பிரேதப் பரிசோதனை செய்வது டாக்டர், அது தடயவியல் மருத்துவம், எம்.பி.பி.எஸ். படித்து அதன் மேல் படிக்க வேண்டும். (அம்மா, கவனிக்கவும். நான் யாரையும் அறுக்கப் போவதில்லை.) லேபில் விஷம் பார்ப்பவர் வேறு, டிஎன்ஏ பார்ப்பவர் வேறு, துப்பாக்கித் தோட்டா பார்ப்பவர் வேறு, கையெழுத்து பார்ப்பவர் வேறு. குற்றவாளியைத் துரத்துவதும் விசாரிப்பதும் போலீஸ். டிவியில் இத்தனையையும் ஒரே அம்மணி ஹை ஹீல்ஸ் போட்டுக்கொண்டு, முடியை விரித்துவிட்டுக்கொண்டு செய்கிறார். அந்த முடி ஒன்று விழுந்தாலே அந்த இடத்தின் தடயம் கெட்டது. நிஜத்தில் உச்சி முதல் பாதம் வரை மூடிக்கொண்டு, பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது.

அடுத்தது நேரம். டிவியில் டிஎன்ஏ ரிசல்ட் விளம்பர இடைவேளைக்குள் வந்துவிடும். உண்மையில் என்ன நடக்கிறது? முதலில் கறையிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுக்க வேண்டும். அது துளியூண்டுதான் இருக்கும் என்பதால் பிசிஆர் முறையில் நகல் எடுக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மடங்காகும். 30 சுற்று இரட்டித்தால் ஒன்று 100 கோடிக்கு மேல் போய்விடும், வேண்டுமானால் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். பிறகு நம் டிஎன்ஏவில் சில இடங்களில் ஒரு சிறிய எழுத்துக்கோவை திரும்பத் திரும்ப வரும், அது எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும். அம்மாவிடமிருந்து ஒரு எண்ணிக்கை, அப்பாவிடமிருந்து ஒரு எண்ணிக்கை. அமெரிக்காவில் முன்பு இப்படி 13 இடங்களைப் பார்த்தார்கள், 2017 முதல் 20 இடங்கள். வாயில் தேய்த்து எடுத்த சுத்தமான மாதிரி என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கும் இயந்திரங்கள் இன்று வந்துவிட்டன. ஆனால் மூன்று பேர் தொட்ட கதவுக் கைப்பிடியில் இருந்து எடுத்தது என்றால் சமாச்சாரமே வேறு. லேபில் வரிசை வேறு இருக்கும். உங்கள் வழக்கு ஒன்றுதான் அன்று வந்தது என்று யார் சொன்னது?

மூன்றாவது அந்தக் கம்ப்யூட்டர். கைரேகையைப் போட்டால் டிக் டிக் டிக் என்று ஆயிரம் முகங்கள் ஓடி, சிவப்பு எழுத்தில் 'மேட்ச்' என்று நிற்குமே, அது. நிஜத்தில் கம்ப்யூட்டர் தருவது ஒரு பட்டியல். இவர்களில் யாராவது இருக்கலாம், நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு அது ஒதுங்கிவிடும். அப்புறம் ஒரு மனிதர் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நான்காவது, இறந்த நேரம். "இரவு பத்தேகாலுக்கு இறந்திருக்கிறார் சார்" என்று டிவி டாக்டர் சொல்வார். உடல் விறைப்பதையும் குளிர்வதையும் வைத்துத்தான் கணக்கு. இறந்த சில மணி நேரத்தில் தாடையில் விறைப்பு தொடங்கி, பன்னிரண்டு மணி நேர வாக்கில் உடல் முழுக்க வந்துவிடும், அப்புறம் விலகும். வெயில் காலத்தில் எல்லாம் வேகமாக நடக்கும். குளிர்வதை எடுத்துக்கொண்டால், உடம்பின் சூடு 37 டிகிரி. சென்னையில் மே மாத மதியம் வெளியில் 40 டிகிரி. உடல் எங்கே போய்க் குளிர்வது? இந்தப் பாடத்தைக் குளிர்நாட்டுப் புத்தகத்தை வைத்து நம் ஊரில் அப்படியே நடத்த முடியாது. டாக்டர் சொல்வது ஒரு நேர இடைவெளி, கடிகாரத்தின் முள் அல்ல.

ஐந்தாவது லுமினால். நீல வெளிச்சம் பளிச்சென்று வருமே, அது நிஜம்தான். ரத்தத்தில் உள்ள இரும்பு வினையூக்கியாக வேலை செய்வதால் லுமினால் ஒளிரும். துடைத்த கறையும் தெரியும். ஆனால் பிளீச்சிங் பட்டாலும் ஒளிரும், செம்பு பட்டாலும் ஒளிரும், சில காய்கறிகளில் உள்ள என்சைம் பட்டாலும் ஒளிரும். அதனால் லுமினால் சொல்வது "இங்கே ரத்தம் இருக்கலாம், மேற்கொண்டு பார்" என்பது மட்டும்தான். டிவியில் அந்த 'லாம்' காணாமல் போய்விடும். என் பிரச்சினையே அந்த 'லாம்'தான்.

* * *

கொஞ்சம் சரித்திரம். இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்காக.

இந்தியாவின் முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் எங்கே தொடங்கியது தெரியுமா? நம்ம மெட்ராஸில். 1849-ல். ஷெர்லாக் ஹோம்ஸ் தன் முதல் கதையில் ரத்தத்தைக் கண்டுபிடிக்கும் ரசாயனம் கிடைத்துவிட்டது என்று குதிப்பது 1887-ல். ஃபிரான்ஸின் லியோன் நகரத்தில் எட்மண்ட் லொக்கார்ட் போலீசுக்கென்று ஆய்வகம் வைத்தது 1910-ல். (ஒருவர் ஓரிடத்துக்குப் போனால் எதையாவது விட்டுவிட்டு, எதையாவது எடுத்துக்கொண்டுதான் வருவார் என்ற அடிப்படைக் கருத்து இவருடையது.) அதற்கெல்லாம் முன்பே இங்கே செத்தவர் வயிற்றில் பாஷாணம் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். அந்த வழியில் வந்ததுதான் இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறை. மெரினாவுக்குப் போகிற காமராஜர் சாலையில்தான் அதன் தலைமையகம் இருக்கிறது. பஜ்ஜி சாப்பிடப் போகும்போது யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

கைரேகையும் அப்படித்தான். 1897-ல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கினார்கள். ரேகைகளை வகை பிரித்து அடுக்கும் முறைக்கு எட்வர்ட் ஹென்றி என்ற அதிகாரியின் பெயர் நின்றுவிட்டது. அதற்குக் கணக்குப் போட்டு உழைத்தவர்கள் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய உதவி ஆய்வாளர்கள். புராஜெக்ட்டை ஒருவர் செய்ய, முதல் பக்கத்தில் இன்னொருவர் பெயர் வருவது நம் கல்லூரியில் கண்டுபிடித்த வழக்கம் இல்லை போலிருக்கிறது.

டிஎன்ஏ இல்லாத காலத்திலும் வேலை நடந்திருக்கிறது. 1952-ல் சென்னையையே உலுக்கிய ஆளவந்தார் கொலை வழக்கு. பேனா வியாபாரி. போட் மெயில் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டி நாற, மானாமதுரையில் திறந்து பார்த்தால் உள்ளே தலையில்லாத உடல். தலை தனியாக ராயபுரம் கடற்கரையில் ஒதுங்கியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் இரண்டையும் ஆராய்ந்தார்கள். காதிலிருந்த துளைகளும் பல் வரிசையில் இருந்த ஒரு விசேஷமும்தான் ஆள் யார் என்று சொன்னது. கம்ப்யூட்டர் கிடையாது, சிவப்பு எழுத்து கிடையாது. பொறுமையாகப் பார்த்த கண் மட்டும் இருந்தது.

1991-ல் ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் அந்த இடமே சிதறிக் கிடந்தபோது, ஒரு கேமரா மட்டும் உருப்படியாகக் கிடைத்தது. அதற்குள் இருந்த படங்களிலிருந்துதான் விசாரணை நகர்ந்தது. இடுப்பில் குண்டைக் கட்டிக்கொண்டு வந்தவர் யார் என்பதை, கிடைத்த துணுக்குகளை வைத்துச் சொன்னது அன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறை இயக்குநர் சந்திரசேகரன் தலைமையிலான குழு. இதை வைத்து ஒழுங்காக ஒரு தொடர் எடுக்க நம் ஆட்களுக்கு இத்தனை வருடம் பிடித்ததுதான் ஆச்சரியம்.

* * *

டிஎன்ஏ முதன்முதலில் ஒரு கொலை வழக்கில் என்ன செய்தது என்று யாரையாவது கேளுங்கள். "கொலைகாரனைப் பிடித்தது" என்பார்கள். இல்லை. ஒரு பையனைக் காப்பாற்றியது.

இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் 1983-லும் 1986-லும் இரண்டு பதினைந்து வயதுப் பெண்கள் கொலை செய்யப்பட்டார்கள். இரண்டாவது கொலையை நான்தான் செய்தேன் என்று பதினேழு வயதுப் பையன் ஒருவன் ஒப்புக்கொண்டுவிட்டான். முதல் கொலையும் அவன்தான் செய்தான் என்று நிரூபிக்க, பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் 1984-ல் டிஎன்ஏ ரேகையைக் கண்டுபிடித்திருந்த அலெக் ஜெஃப்ரிஸிடம் போலீஸ் போனது. பார்த்தவர் சொன்னது: இரண்டு கொலையும் செய்தது ஒரே ஆள்தான், ஆனால் அது இந்தப் பையன் இல்லை.

வாக்குமூலம் இருக்கிறது, ஆள் உள்ளே இருக்கிறான், கேஸ் முடிந்தது என்ற நிலையில் விஞ்ஞானம் வந்து இல்லை என்றது. போலீசும் அதைக் கேட்டுக்கொண்டது. அந்த இடம்தான் எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம்.

பிறகு 1987-ல் சுற்றுவட்டார ஆண்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ரத்தம் வாங்கிப் பார்த்தார்கள். ஒருவரும் பொருந்தவில்லை. ஏனென்றால் உண்மையான ஆள், காலின் பிட்ச்ஃபோர்க், தனக்குப் பதிலாக உடன் வேலை செய்தவரை அனுப்பி ரத்தம் கொடுக்க வைத்திருந்தான். அந்த ஆள் மதுக்கடையில் இதை உளற, கேட்ட ஒரு பெண் போலீசுக்குச் சொல்ல, அப்படித்தான் பிடிபட்டான். 1988-ல் ஆயுள் தண்டனை. ஐயாயிரம் சோதனைக்கும் மாட்டாதவன் ஒரு மதுக்கடைப் பேச்சில் மாட்டினான். எந்தத் திரைக்கதை ஆசிரியராவது இப்படி எழுதினால், "லாஜிக் இடிக்குதே பாஸ்" என்று நாமே சொல்லியிருப்போம்.

* * *

இனி கொஞ்சம் சீரியஸ்.

2004 மார்ச் 11. ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் ரயில்களில் குண்டுவெடித்து 190-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டெட்டனேட்டர்கள் இருந்த ஒரு பையில் ஒரு ரேகை. அமெரிக்க எஃப்பிஐ அதைக் கம்ப்யூட்டரில் போட்டது. முன்னால் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்தப் பட்டியல் வந்தது. 20 பேர். நாலாவது பெயர் ஓரிகன் மாநிலத்து வக்கீல் பிராண்டன் மேஃபீல்ட். எஃப்பிஐயின் நிபுணர்கள் மூன்று பேர் பார்த்து இவர்தான் என்றார்கள். எங்களுக்கு அப்படித் தெரியவில்லை என்று ஸ்பெயின் போலீஸ் ஏப்ரலிலேயே சொன்னது. எஃப்பிஐ அசையவில்லை. மே 6-ம் தேதி மேஃபீல்டைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். நீதிமன்றம் நியமித்த வெளி நிபுணரும் இவர்தான் என்றார். கடைசியில் ஸ்பெயின் போலீஸ் அந்த ரேகை அல்ஜீரியாக்காரர் ஒருவருடையது என்று கண்டுபிடித்தது. மே 20-ம் தேதி மேஃபீல்ட் வீட்டுக்குப் போனார். எஃப்பிஐ மன்னிப்புக் கேட்டது, 2006-ல் 20 லட்சம் டாலர் கொடுத்தது.

இவர்கள் யாரும் அரைகுறைகள் இல்லை. உலகத்திலேயே பெரிய கைரேகை நிபுணர்கள். பிறகு நடந்த விசாரணையில் தெரியவந்த விஷயம் ஒன்று: பொருந்துகிறது என்று முடிவு செய்த பிறகு, மேஃபீல்டின் ரேகையில் இருப்பதையெல்லாம் அந்த மங்கலான ரேகையில் தேடித் தேடிக் 'கண்டுபிடித்திருக்கிறார்கள்'. விடை தெரிந்துவிட்டால் கணக்கை அதற்கேற்பப் போடுவது நம் பிராக்டிகல் நோட்டில் நடப்பதுதான். அங்கே அதன் பலனை ஒரு மனிதர் இரண்டு வாரம் சிறையில் அனுபவித்தார்.

இரண்டு வாரம் பரவாயில்லை என்று சொல்ல வைக்கிற கதை அடுத்தது.

1991 டிசம்பர் 23. டெக்சாஸ் மாநிலம் கோர்சிகானா. ஒரு வீடு எரிந்து மூன்று பெண் குழந்தைகள் இறந்தார்கள். தப்பித்து வெளியே வந்த அப்பா கேமரன் டாட் வில்லிங்ஹாம் மீது கொலை வழக்கு. தீ விசாரணை நிபுணர்கள் சொன்னது: தரையில் குட்டை குட்டையாக எரிந்த தடம் இருக்கிறது, எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள். ஜன்னல் கண்ணாடி சிலந்தி வலை போல விரிசல் விட்டிருக்கிறது, அதுவும் எண்ணெய் ஊற்றிய வேகத் தீயின் அடையாளம். இதோடு சக கைதி ஒருவரின் சாட்சியமும் சேர, மரண தண்டனை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஆயுளோடு விடுகிறோம் என்றதற்கும் வில்லிங்ஹாம் சம்மதிக்கவில்லை.

இப்போது கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் படித்தவர்கள் கவனியுங்கள். சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே அப்படித்தான் விரிசல் விடும். தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்திருக்கிறது. மூடிய அறையில் சூடு ஏறி ஏறி ஒரு கட்டத்தில் அறை முழுக்க ஒரேயடியாகப் பற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகு தரையில் எண்ணெய் ஊற்றினது மாதிரியே தடம் விழும், ஊற்றாமலே. விஞ்ஞானி ஜெரால்ட் ஹர்ஸ்ட் இதையெல்லாம் எழுதி, தண்டனைக்குச் சில நாட்கள் முன்பு அறிக்கை அனுப்பினார். 2004 பிப்ரவரி 17-ம் தேதி வில்லிங்ஹாமுக்கு விஷ ஊசி போட்டார்கள். வயது 36. 2009-ல் டெக்சாஸ் ஆணையமே நியமித்த நிபுணர் கிரெய்க் பெய்லரும், தீ வைத்ததாகச் சொன்னதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்றார்.

அவர் நிரபராதி என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பு எழுதவில்லை. ஆனால் அவரைக் கொண்டுபோய் அந்தக் கட்டிலில் படுக்கவைத்த 'விஞ்ஞானம்' விஞ்ஞானமே இல்லை. ஒரு தலைமுறை நிபுணர்கள் அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்த நம்பிக்கை. யாரும் ஒரு வீட்டைக் கட்டி, எரித்து, சோதித்துப் பார்க்காத நம்பிக்கை.

டிஎன்ஏவாவது தப்பே செய்யாதா? 2007-ல் ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் ஒரு பெண் போலீஸ் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த டிஎன்ஏ, ஜெர்மனி, ஆஸ்திரியா, ஃபிரான்ஸ் என்று சுமார் 40 சம்பவ இடங்களில் கிடைத்த ஒரு பெண்ணுடையது. கொலை, திருட்டு, எல்லாவற்றிலும் அதே பெண். மூன்று லட்சம் யூரோ பரிசு அறிவித்தார்கள். 2009-ல் உண்மை வெளிவந்தது. அப்படி ஒரு கொலைகாரியே இல்லை. மாதிரி எடுக்கப் பயன்படுத்திய பஞ்சுக் குச்சியைத் தொழிற்சாலையில் கையாண்ட பெண்ணின் டிஎன்ஏ அது. குச்சியில் கிருமி இல்லை, ஆனால் டிஎன்ஏ இருந்தது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் எதற்குத் தனியாக பிளாங்க் போடச் சொல்லி லேபில் உயிரை வாங்குகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.

தலைமுடி கதை இன்னும் மோசம். மைக்ரோஸ்கோப்பில் இரண்டு முடியை வைத்துப் பார்த்து ஒரே ஆளுடையது என்று எஃப்பிஐ நிபுணர்கள் பல வருடங்களாகச் சாட்சி சொன்னார்கள். 2015-ல் அவர்களே திரும்பிப் பார்த்தபோது, அப்படி எதிர்ச்சாட்சியம் சொன்ன 268 வழக்குகளில் 95 சதவீதத்துக்கும் மேல் அறிவியலுக்கு மிஞ்சிப் பேசியிருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டார்கள்.

* * *

இதெல்லாம் அமெரிக்கா, ஜெர்மனி. நமக்கென்ன?

போன வருடம் எங்கள் ஹாஸ்டலில் ஒரு பையனின் போன் காணாமல் போனது. நான் அத்தை மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன், வந்த பிறகுதான் கேள்விப்பட்டேன். நம்ம ஆட்கள் 'விசாரணை' நடத்தியிருக்கிறார்கள். டால்கம் பவுடர், மேக்கப் பிரஷ், செல்லோ டேப். அலமாரிக் கைப்பிடியில் ஒரு ரேகை எடுத்து, டம்ளரிலிருந்து எடுத்த இன்னொரு ரேகையோடு போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்து, "மேட்ச் மச்சி" என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். மொத்தம் கால் மணி நேரம். டம்ளர் மெஸ்ஸில் வேலை பார்த்த ஒரு அண்ணனுடையது.

யாரும் அவரை அடிக்கவில்லை. பத்துப் பேர் சுற்றி நின்று கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். நாலு சட்டை, ஒரு சாமி படம், வீட்டுக்கு அனுப்ப எடுத்து வைத்திருந்த பணம். மூன்றாம் நாள் சலவைக்குப் போய்த் திரும்பி வந்த பெட்ஷீட்டுக்குள்ளிருந்து போன் விழுந்தது. அதற்குள் அந்த அண்ணன் ஊருக்குப் போய்விட்டார். திரும்பி வரவில்லை. தோசை கருகினால் சொல்லாமலே வேறு ஊற்றித் தருவார். இப்போது இருப்பவருக்கு என் பெயரும் தெரியாது, எனக்கு அவர் பெயரும் தெரியாது.

வெறுமனே சந்தேகப்பட்டிருந்தால் நாலு பேராவது, "ஏம்ப்பா, அவர் அப்படிப்பட்டவர் இல்லையே" என்று சொல்லியிருப்பார்கள். 'ரேகை மேட்ச்' என்றதும் யாருக்கும் வாய் வரவில்லை. அந்த அண்ணனுக்கே வரவில்லையாம். தன் விரல்மேல் தனக்கே சந்தேகம் வந்தது போல நின்றாராம்.

மேஃபீல்ட் வக்கீல். அவருக்காக ஒரு நாட்டின் போலீசே பேசியது. மெஸ் அண்ணனுக்காகப் பேச யார் இருந்தார்கள்?

* * *

அமெரிக்காவில் 'சிஎஸ்ஐ எஃபெக்ட்' என்று ஒரு பேச்சு உண்டு. தொடர் பார்க்கும் ஜூரிகள் எல்லா வழக்கிலும் டிஎன்ஏ எங்கே, ரேகை எங்கே என்று கேட்கிறார்களாம். மிச்சிகன் நீதிபதி டொனால்ட் ஷெல்டன் 2006-ல் சுமார் ஆயிரம் ஜூரிகளிடம் கேட்டுப் பார்த்தார். எல்லாக் குற்ற வழக்கிலும் ஏதாவது விஞ்ஞானச் சான்று வேண்டும் என்று எதிர்பார்த்தவர்கள் 46 சதவீதம். ஆனால் தொடர் பார்ப்பதால் தீர்ப்பே மாறிவிடுகிறது என்று பெரும்பாலும் அவருக்குத் தெரியவில்லை.

நம் ஊரில் ஜூரி கிடையாது. அதனால் பாதிப்பு இல்லை என்று சொல்ல முடியுமா? நமக்கு ஜூரி டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறது. 2000-களில் உண்மை கண்டறியும் மருந்து கொடுத்துக் கைதிகள் உளறுவதை எல்லாம் சேனல்களில் போட்டார்கள். 2010-ல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், சம்மதமில்லாமல் நார்கோ, பாலிகிராஃப், மூளை வரைபடச் சோதனை செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் கொஞ்சம் அடங்கியது. 2008 நொய்டா இரட்டைக் கொலையில் வீடு முழுக்க ஆட்களும் கேமராவும் நடமாடினார்கள். பூட்டிய மொட்டைமாடியில் இன்னொரு உடல் கிடந்தது அடுத்த நாள்தான் தெரிந்தது. பெற்றோருக்கு 2013-ல் ஆயுள் தண்டனை, 2017-ல் உயர் நீதிமன்றத்தில் விடுதலை. முதல் நாள் காலையில் அந்த வீட்டு வாசலில் ஒரு கயிறு கட்டியிருந்தால் இன்று நமக்கு என்னவெல்லாம் தெரிந்திருக்கும்!

2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டப்படி, ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை தரக்கூடிய குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போயாக வேண்டும். மாநிலங்கள் தயாராக ஐந்து வருடம் வரை அவகாசம் உண்டு. ஆக, ஆட்கள் ஏராளமாகத் தேவைப்படப் போகிறார்கள். (அப்பா, வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு இதுதான் பதில்.) அந்த ஆட்கள் எதைப் பார்த்து வளர்ந்திருப்பார்கள்? நம்மைப் போல அதே தொடர்களைத்தான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

டிவிக்காரர்களிடம் எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம். இருநூறு எபிசோட் எடுக்கிறீர்கள். அதில் ஒன்றே ஒன்றில், கடைசி நிமிடத்தில் லேபிலிருந்து ரிப்போர்ட் வரட்டும். அதில் "இந்த மாதிரியை வைத்து எந்த முடிவுக்கும் வர இயலவில்லை" என்று எழுதியிருக்கட்டும். இன்ஸ்பெக்டர் கத்தட்டும், மேலதிகாரி போன் போடட்டும், செத்தவர் வீட்டார் அழட்டும். லேபில் இருப்பவர் ரிப்போர்ட்டை மாற்றாமல் கையெழுத்துப் போடட்டும். டிஆர்பி வராது, தெரியும். :-)

விண்ணப்பம் அனுப்பக் கடைசித் தேதி அடுத்த வெள்ளிக்கிழமை. மார்க் ஷீட் ஜெராக்ஸ் எடுத்தாகிவிட்டது. அம்மா இன்னும் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. "அப்போ நீ தப்பு பண்ணவனைக் கண்டுபிடிப்பியா?" என்று நேற்று போனில் கேட்டார். "தப்பு பண்ணாதவனையும்மா" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சரி, ஃபீஸ் எவ்வளவுன்னு கேளு" என்றார்.

உங்களுக்குப் பிடித்த, அல்லது 'இது ஓவர்டா சாமி' என்று தோன்றிய லேப் சீன் எது? சாலுங்கே ரசிகர்கள் சண்டைக்கு வரலாம். மெஸ்ஸில் அந்த வேலையைச் செய்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அந்த அண்ணனின் ஊர் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.